வெட்டுத்துணி மூட்டையும் மணிச்சரமும்: உடுவிலில் வீட்டுக் கைவேலை

தையற்கடைகளில் மாலையானதும் மேசைக்குக் கீழே கூட்டி அள்ளும் துணித்துண்டுகள் எங்கே போகின்றன என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. கொஞ்சம் கராஜுகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். மிச்சம் எரிக்கப்படும். உடுவில், மருதனார்மடம், சுன்னாகம் பக்கம் புடவை வியாபாரமாகப் போய்வரும் என்னிடம் அங்குள்ள பெண்கள் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, வீட்டில இருந்து செய்யிற மாதிரி ஏதும் வேலை இருக்கோ? மணி கோக்கிறது, துண்டு தைக்கிறது எண்டாலும் பரவாயில்லை."

இந்தக் கேள்விக்கு நான் கொடுக்கும் பதிலையே இவ்வாரம் எழுதுகிறேன். கைவேலை தொடங்க விரும்பும் பெண்களுக்கு மட்டுமல்ல, அவர்களிடம் பொருள் வாங்கி விற்கக்கூடிய நமது கடைக்காரச் சகோதரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உடுவிலுக்கு ஊசியும் நூலும் புதியவை அல்ல. 1816ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824ல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி அதுதான். எழுத்தோடும் வாசிப்போடும் தையலும் அங்கே பாடமாக இருந்தது. 1840 முதல் ஏறத்தாழ 40 வருடங்கள் அங்கு கற்பித்த எலைசா அக்னியூ அம்மையாரிடம் தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் உண்டு. ஆகவே அந்த ஊரில் ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் அந்தக் கையின் வேலையை விலையாக்கித் தரும் ஆளுக்குத்தான்.

அந்த ஆள் ஒரு காலத்தில் நமது சமூகத்தில் நிறைய இருந்தார். யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சுற்றிய தையற்காரர்களும் புடவைக் கடைக்காரர்களும் வலிகாமத்துச் சந்தைகளுக்கெல்லாம் பழக்கமானவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது தையல் மெஷின்களும் கடன் கொப்பிகளும் அங்கேயே கிடந்தன. தொழில் தெரிந்தவர்களில் பலர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பியவர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. தையற்காரருக்கும் ஊர்ப் பெண்களுக்கும் இருந்த அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலை மீண்டும் ஒட்ட வெட்டுத்துணி மூட்டை ஒரு வழியாகலாம் என்பது என் எண்ணம்.

முதலில் மணி வேலை. குறைந்த முதலோடு தொடங்கக்கூடியது இதுதான். ஒரு தட்டம், அதில் விரிக்க ஒரு பஞ்சுத் துணி (இல்லாவிட்டால் மணி உருண்டு ஓடிவிடும்), மெல்லிய மணி ஊசி, நைலோன் நூல், சிறிய கத்தரிக்கோல், கொக்கி மாட்டச் சின்னக் குறடு. இவ்வளவுதான். கடையில் மணி வாங்கும்போது இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் கூடக்கூட மணி சிறிதாகும். 8ஆம் இலக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், 11ஆம் இலக்கம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். பழகுகிறவர்கள் 8ல் தொடங்கினால் கண் நோகாது. ஜப்பான் மணி அளவில் பிசகாது, விலை அதிகம். மலிவு மணி ஒன்று பெருத்து ஒன்று சிறுத்திருக்கும். கோர்க்குமுன் தெரிந்தெடுப்பதற்கே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளின் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு மணி மலிவல்ல.

எதைச் செய்வது? எல்லோரும் உடனே மாலையும் காப்பும் என்பார்கள். அதில் சீனப் பிளாஸ்டிக் சாமானோடு போட்டி போட முடியாது. நான் சொல்வது தஸ்பீஹ் மணி, அபாயாவின் கைப்பகுதிக்கும் ஷோலின் ஓரத்துக்கும் மணி வேலை, கலியாணச் சட்டைக்கு ஆரி வேலை. தஸ்பீஹ் மணியில் 33 அல்லது 99 என்ற கணக்குத் தவறக்கூடாது. ஒன்று குறைந்தாலும் வாங்கியவர் மறுநாளே கடைக்கு வந்துவிடுவார். அபாயா வேலையில் இன்னொரு எச்சரிக்கை. முலாம் பூசிய மணி வியர்வையிலும் சவர்க்காரத்திலும் வெளிறும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் தண்ணீர், சவர்க்காரம் இலேசில் நுரைக்காது, ஆகவே துணியைக் கூடுதலாகத் தேய்ப்பார்கள். ஒரு துண்டுத் துணியில் பத்து மணி தைத்து நாலைந்து தரம் கழுவிப் பார்த்த பிறகே ஓடர் எடுக்க வேண்டும்.

மணி முழுவதும் இறக்குமதி என்பதை மறக்கக் கூடாது. 2022ல் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பழைய விலைக்கு ஓடர் பிடித்திருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதனால் மணி வேலையில் முற்பணம் வாங்கி மணியை முதலிலேயே வாங்கி வைப்பதுதான் புத்தி.

வெட்டுத்துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வையைக் குயில்ட் என்பார்கள். குளிர்நாட்டில் மேல் துணி, நடுவில் பஞ்சுப் படை, அடித் துணி என்று மூன்று படையாகத் தைப்பார்கள். நமது வெயிலுக்கு அந்தப் பஞ்சு வேண்டாம். இதற்கு அமெரிக்காவைப் பார்ப்பதைவிடக் கர்நாடகாவைப் பார்ப்பது மேல். வட கன்னட மாவட்டத்துக் காடுகளை அண்டி வாழும் சித்தி மக்கள் ஆபிரிக்க வம்சாவளியினர். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களது பெண்கள் 'கவந்தி' என்றொரு போர்வை தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை வைத்து ஓட்டுத் தையலாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் சிறு முக்கோணத் துண்டுகள் வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. மெஷின் வேண்டாம், பஞ்சு வேண்டாம், அளவுச்சட்டமும் வேண்டாம். உடுவில் வீட்டுத் திண்ணைக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் துணியைப் பிரிப்பதில் சோம்பல் கூடாது. பருத்தியோடு பருத்தி, பொலியஸ்டரோடு பொலியஸ்டர். இரண்டையும் கலந்து தைத்தால் முதல் கழுவலிலேயே பருத்தி சுருங்கி முழுத் துணியும் குமிழும். புதுத் துணித் துண்டானால் தைக்குமுன் நனைத்துக் காயவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் ஏமாற்றும். ஓரத்துக்குக் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள்.

பெரிய போர்வையில் தொடங்காமல் குழந்தை விரிப்பு, தலையணை உறை, குர்ஆன் உறை, முஸல்லா என்று தொடங்கலாம். முஸல்லாவுக்கு உருவப் படமுள்ள துண்டுகளைச் சேர்க்கக் கூடாது, நெற்றி படும் இடத்தில் மணியோ தடித்த மடிப்போ வரக்கூடாது. தைக்கிற சகோதரி இந்துவாகவோ கிறிஸ்தவராகவோ இருந்தால் இதை நாம்தான் முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு குறை சொல்வதில் பயனில்லை.

இனி விலை. வீட்டுக் கைவேலை விழுவது இந்த இடத்தில்தான். ஒரு முஸல்லாவை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே, கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள். அடித் துணி 350 ரூபா, நடுப் படைக்குத் துணி 200, நூல் 50, போக்குவரத்து 50. ஆக 650. வேலை 6 மணித்தியாலம், மணிக்கு 150 ரூபா வீதம் 900. கூட்டினால் 1550. பத்து வீதம் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் சேர்த்தால் 1705. கடைக்காரர் 2200க்கு விற்றால் அவருக்கும் சுமார் 500 ரூபா நிற்கிறது.

நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? "தங்கச்சி, துணி சும்மா கிடைச்சதுதானே, ஆயிரம் ரூபாவுக்குத் தாங்க" என்கிறோம். ஆயிரத்தில் 650 போனால் 350. ஆறு மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 58 ரூபா. அந்தப் பெண் இரண்டு முறை தருவாள், மூன்றாம் முறை வரமாட்டாள். பிறகு "அவங்களுக்குத் தொடர்ந்து செய்யத் தெரியாது" என்று நாம் பேசிக்கொள்வோம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் பகுதிக் கறுப்பினப் பெண்களின் கதையும் இதைத் தொட்டது. பழைய வேலைக்கள உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தவர்கள் அவர்கள். அந்த வட்டாரத்தில் 1966ல் ஒரு கூட்டுறவு அமைந்தது. சியர்ஸ் என்ற பெருங்கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்து நிரந்தரக் கூலி வந்தது. 2002ல் அவர்களது போர்வைகள் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006ல் முத்திரையிலும் வந்தன. மறு வருடமே அந்தப் பெண்களில் சிலர் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008ல் அது சமரசமாயிற்று. புகழ் வந்த பிறகும் பணக் கணக்கு தெளிவாக இல்லாவிட்டால் நீதிமன்றம்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

நமது சமூகத்திலேயே உதாரணம் வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை. தாமிரபரணி ஓரத்துக் கோரையை நார் நாராகக் கீறிப் பட்டுப்போல மடிக்கக்கூடிய பாய் நெய்கிறவர்கள் அங்குள்ள லெப்பைக் குடும்பங்கள். பெரும்பகுதி பெண்களின் வேலை. 1953ல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு அங்கிருந்து ஒரு பாய் போனது. ஊர்ப் பெயரே சரக்கின் பெயராக நின்றதால் "பத்தமடைப் பாய்" என்று கேட்டு வாங்குகிறார்கள். உடுவில் வேலைக்கும் ஊர்ப் பெயர் எழுதிய சின்னத் துணி முத்திரை ஒன்றைத் தைத்துவிடுவதற்குப் பெரிய செலவில்லை.

முதலுக்காகக் கடன் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. போருக்குப் பின் வடக்கில் வாசலுக்கே வந்து கொடுத்த நுண்கடன், வாராவாரம் தவணையும் வட்டியுமாகப் பெண்களை எப்படி நெருக்கியது என்பதை ஊரே கண்டது. 2018ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியதாயிற்று. வட்டி நமக்கு ஹராம் என்பது ஒரு பக்கம். மணி கோர்க்கிற வேலைக்கு அப்படிப்பட்ட முதலே தேவையில்லை என்பது மறு பக்கம். கடைக்காரர் துணியும் நூலும் மணியும் தானே கொடுத்துக் கூலி மட்டும் பேசிக்கொள்ளலாம். அல்லது பொருள் செலவைக் கடைக்காரரும் உழைப்பைப் பெண்ணும் போட்டு இலாபத்தைப் பங்கிடலாம். எதுவானாலும் கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும்.

"வைச்சிட்டுப் போங்க, வித்தா காசு தாறன்" என்ற பேச்சை நான் விரும்புவதில்லை. கண்ணாடி அலுமாரியில் ஆறு மாதம் கிடந்து நிறம் மங்கிய பிறகு அதைத் திருப்பிக் கொடுப்பது வியாபாரமல்ல. ஐந்து சாமானானாலும் காசு கொடுத்து வாங்குங்கள். கையில் காசு போட்டவன்தான் அதை முன்வரிசையில் வைப்பான்.

வேலை கொஞ்சம் நிலைத்த பிறகு உடுவில் பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. வங்கிக் கணக்கு திறக்கவும் கண்காட்சிகளில் இடம் கேட்கவும் அது உதவும். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் நடந்துவரும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் வருகிறார்கள். பெட்டியில் பாரம் ஏறாத, உடையாத, ஊர்ப் பெயர் உள்ள சாமானைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

நோன்புப் பெருநாளை எண்ணியிருக்கும் கடைக்காரர்கள் ரஜப் மாதத்திலேயே ஓடரைக் கொடுத்துவிட வேண்டும், மாதிரி ஒன்றும் அளவுக் கடதாசியும் சேர்த்து. தைக்கிற வீடுகளில் பொங்கலோ நத்தாரோ இடையில் வந்தால் அந்த வாரத்தைக் கணக்கில் கழித்துவிடுங்கள். ஷஃபான் நடுவில் சரக்கு கைக்கு வந்தால் பிசகிய தையலைத் திருத்த நாள் இருக்கும். ரமழான் கடைசிப் பத்தில் அவசரப்படுத்தினால் அவர்கள் இரவிரவாக விளக்கடியில் தைப்பார்கள், மணிச்சரம் கோணும், நாம் விலையைக் குறைப்போம்.