காலில் தொடங்கும் காக்பிட்

கார் பந்தயமும் விமானப் பயணமும் வீட்டிலேயே ஒரு சிமுலேட்டரில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த ஸ்டியரிங், எந்த ஜாய்ஸ்டிக், எந்த த்ராட்டில் என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். பணத்தில் முக்கால்வாசி அங்கேயே போய்விடுகிறது. இவற்றையெல்லாம் எதில் பொருத்துவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. கையில் மிச்சமிருக்கும் பணத்துக்குக் கிடைக்கிற ஸ்டாண்டை வாங்கி முடித்துவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. காக்பிட் என்று சொல்லப்படும் சட்டத்தையும் இருக்கையையும்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவையும் காலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கும். லோட் செல் பொருத்திய பெடல், எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளக்கும். பந்தய ஓட்டுநரின் கால் பழகி வைத்திருப்பது அழுத்தத்தைத்தான். அதனால்தான் லோட் செல்லுக்கு மாறியவர்களுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரே மாதிரி பிரேக் பிடிக்க வருகிறது. ஆனால் 50 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மிதிக்கும்போது, அந்த விசை பெடலை முன்னாலும், உங்கள் முதுகு வழியாக இருக்கையைப் பின்னாலும் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே சட்டம் இறுகப் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி என்றால் வளைவுக்கு வளைவு பின்னால் ஓடும். சக்கரத்தைக் கழற்றினாலும் முதுகுச் சாய்வு வளையும். கால் ஒரே அழுத்தத்தைத் தேடும்போது உடம்பு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருந்தால், நல்ல பெடலுக்குக் கொடுத்த பணம் வீண். ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் 100 கிலோவுக்கும் மேல் அழுத்துகிறார்கள். வீட்டில் அவ்வளவு தேவையில்லை என்றாலும், சட்டம் சோதிக்கப்படும் இடம் இதுதான்.

ஸ்டியரிங்கின் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பல்சக்கரத்தில் ஓடும் லாஜிடெக் ஜி29 போன்ற வீல் தருவது 2 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டிய முறுக்குவிசை. மோட்டாரின் தண்டிலேயே வீலைப் பொருத்தும் டைரக்ட் டிரைவ் வகையில் ஃபனடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர் தரும். பெரிய பவர் சப்ளை வாங்கிப் போட்டால் 8. சிமுக்யூப் 2 ப்ரோ 25 வரை போகும். 30 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் 8 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் ஐந்தரைக் கிலோ இழுப்பு. 25 என்றால் 17 கிலோ. மேசை விளிம்பில் கவ்வியால் இறுக்கிய வீலுக்கு 8 தாங்குவதே கடினம். 25ஐ எந்த மேசையிலும் வைக்கக் கூடாது. அந்த அளவில் கட்டைவிரலை வீலின் கம்பிகளுக்குள் கோத்துப் பிடிப்பதும் ஆபத்து. கார் சுவரில் மோதும் நொடியில் வீல் சுழன்று விரலைப் பதம் பார்த்துவிடும். அவசர நிறுத்தப் பொத்தான் கை எட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

சட்டங்களில் மூன்று வகை உண்டு. மடித்து வைக்கக்கூடிய துணி இருக்கை வகை, தனி அறை இல்லாதவர்களுக்கு. பிளேசீட் சேலஞ்ச் அதில் பெயர் பெற்றது. 5 நியூட்டன் மீட்டர் வரையிலான வீலுக்கு அது போதும் என்பேன். அடுத்தது இரும்புக் குழாய்ச் சட்டம். இதில் வீலைத் தாங்கும் தூண் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒற்றையாக எழும்பி நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படி நின்றால் இடது காலால் பிரேக் பிடிக்கும்போது முழங்கால் இடிக்கும். விமானத்துக்கான நடு ஸ்டிக்குக்கும் இடம் இருக்காது. மூன்றாவது, தொழிற்சாலைகளில் இயந்திரச் சட்டங்களுக்குப் பயன்படும் பள்ளம் ஓடிய அலுமினியம் ப்ரொஃபைல். 40க்கு 40, 40க்கு 80, 40க்கு 160 மி.மீ. என்ற அளவுகளில் வருகிறது. பள்ளத்துக்குள் நட்டை நுழைத்து எங்கே வேண்டுமானாலும் இறுக்கலாம், தளர்த்தி நகர்த்தலாம், புதிதாக ஒரு தாங்கும் கையைச் சேர்க்கலாம். இரண்டு பொழுதுபோக்கும் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். காரணம் உறுதி மட்டுமல்ல, விமானமும் காரும் மனித உடம்பை வேறு வேறு விதமாக உட்காரவைக்கின்றன என்பது.

பந்தயக் காரில் குதிகால் தரையில் ஊன்றியிருக்க, வலது கால் ஆக்சிலேட்டரிலும் இடது கால் பிரேக்கிலும் தனித்தனியாக வேலை செய்கின்றன. விமானத்தின் ரடர் பெடல்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே வரும். மேல் பாகத்தை நுனிக்காலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு பிரேக். கால்கள் அகன்று, இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஃபார்முலா பாணியில் கால்களை இடுப்புக்கு மேல் தூக்கி மல்லாந்தால், செஸ்னா 172இன் நிமிர்ந்த இருக்கைக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. ஜிடி பந்தயக் கார்களின் பாணி ஓரளவு இரண்டுக்கும் ஒத்துவரும். எனவே இருக்கை ஜிடி பாணியில் இருக்கட்டும். பந்தயப் பெடலுக்கு ஒன்று, ரடருக்கு ஒன்று என்று இரண்டு தனிப் பலகைகள் செய்து, கையால் திருகும் குமிழ்களால் மாற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆலன் கீ தேடி அரை மணி நேரம் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால், சில வாரங்களில் இரண்டில் ஒன்று நின்றுபோகும். பெரும்பாலும் நிற்பது விமானம்தான், அதுதான் எனக்கு வருத்தம்.

கைக்கு வருவோம். எந்த விமானத்தை நேசிக்கிறீர்கள் என்பதே இங்கே தீர்ப்பு. எஃப்-16இல் ஸ்டிக் வலது பக்கத்தில், த்ராட்டில் இடது பக்கத்தில். அதன் இருக்கையும் 30 டிகிரி பின்னால் சாய்ந்தது. பந்தய இருக்கையின் இருபுறமும் ஒவ்வொரு தாங்கும் கை பொருத்தினால் வேலை முடிந்தது, ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். ஏர்பஸ் ஏ320 கேப்டனுக்கு ஸ்டிக் இடது கையில், த்ராட்டில் வலது கையில். அதற்கும் சிக்கல் இல்லை. இரு கைக்கும் பொதுவான வடிவமுள்ள ஸ்டிக்காக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ-10, எஃப்/ஏ-18, ஹெலிகாப்டர் எல்லாம் நடு ஸ்டிக். தொடைகளுக்கு நடுவே தாழ்வாகப் பொருத்தி, ஸ்டியரிங் வீலைக் கழற்றிவிட வேண்டும். க்விக் ரிலீஸ் உள்ள வீல் இதற்கு உதவும். ஹெலிகாப்டர் என்றால் இடது பக்கம் இருக்கைக்கு ஒட்டிக் கலெக்டிவ் கைப்பிடிக்கும் இடம் விட வேண்டும். செஸ்னாவும் போயிங் 737ம் யோக் பிடிப்பவை. யோக் நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஸ்டியரிங் நிற்கும் இடமே. ஆனால் அது மார்பை நோக்கி இழுபட்டு வரும் என்பதால், இருக்கையைச் சற்றுப் பின்னால் தள்ள வழி வேண்டும்.

இருக்கைக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. சென்னைக்காரர்களுக்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய காரின் முன் இருக்கை ஒன்றை ஸ்லைடரோடு வாங்கி ப்ரொஃபைலில் இறக்கலாம். வீட்டில் உயரம் வேறுபட்ட இரண்டு பேர் ஓட்டினால் அந்த ஸ்லைடர் அவசியம். பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய துணுக்கு தைத்திருந்தால் அந்த இருக்கை வேண்டவே வேண்டாம். உள்ளே வெடிப்பொருள் இருக்கிறது.

திரையைப் பற்றிப் பேசும்போது எட்வின் லிங்க் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் பிங்காம்டனில் அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அங்கிருந்த காற்றுத் துருத்திகளை வைத்தே 1929இல் லிங்க் தன் விமானப் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். முதலில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் விமான அஞ்சல் பணியில் இறங்கிய ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான், அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பயிற்சி பெற்றார்கள். அதில் படமே கிடையாது. மூடியை மூடிவிட்டால் இருட்டு, கருவிமுட்கள், ஸ்டிக், பெடல், ஆடும் இருக்கை, அவ்வளவுதான். மூன்று மானிட்டருக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைச் சட்டத்துக்கு மாற்றச் சொல்லும்போது எனக்குத் துணை அந்தப் பெட்டி.

திரை பெரிதாக இருப்பதைவிட அருகில் இருப்பது முக்கியம். 32 அங்குல மானிட்டர் 60 செ.மீ. தொலைவில் 61 டிகிரி பார்வைக் கோணத்தை நிரப்பும். அதையே 120 செ.மீ. தள்ளி வைத்தால் 33 டிகிரிதான். அந்தத் தொலைவில் 55 அங்குல டிவிகூட 54 டிகிரிக்கு மேல் தராது. வீலுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் மானிட்டர் நிற்க வேண்டும், ஆனால் அதே சட்டத்தில் பொருத்தினால் வலுவான வீல் உதறும்போது படமும் உதறும். தனி ஸ்டாண்ட் நல்லது. விஆர் கண்ணாடி பந்தயத்துக்கு அற்புதம். விமானத்தில் கை தேடும் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தடவியே அடையாளம் காணக்கூடிய பொத்தான்களைக் கைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இருக்கையை அதிரவைக்கும் பேஸ் ஷேக்கரை வாங்கும் முன் கீழ்வீட்டை நினைக்க வேண்டும். அதிர்வு சட்டத்தின் வழியே தரைக்கு இறங்கும். தடித்த ரப்பர் கால்கள் வைத்தால் குறையும், முழுதாக நிற்காது.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. நீங்கள் ஓட்டப்போகும் அறையில் தரையில் மெத்தையைப் போட்டு, சுவரில் தலையணை சாய்த்து உட்காருங்கள். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியை வைத்துக் கால் நீட்டிப் பாருங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுதாக நீண்டால் அழுத்தம் வராது. இடுப்பிலிருந்து குதிகால் வரையிலும் தோளிலிருந்து மணிக்கட்டு வரையிலும் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைல் சட்டம் ஒன்றரை மீட்டர் நீளம் வரும், இருக்கையும் கருவிகளும் சேர்ந்தால் ஒருவரால் தூக்க முடியாது. உதிரியாக வந்து அறைக்குள்ளேயே பூட்டப்படும் பொருள் என்பதால், வாசல் கதவின் அகலத்தையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். வீடு மாறும் நாளில் முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்று அப்போதே தெரிந்துவிடும்.