‘யெஸ்’ அழுத்துமுன்

ஜாதகம் கணிக்கும் மென்பொருளோ, யாரோ பென் டிரைவில் கொடுத்த கணக்கு மென்பொருளின் திருட்டு நகலோ, கம்ப்யூட்டரில் புதிதாக எதை ஏற்றினாலும் பெரும்பாலும் திரை ஒரு நொடி மங்கி நடுவில் ஒரு கட்டம் எழும். இந்தச் செயலி உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்யலாமா என்று கேட்கும். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த கேள்வி இது. பெரும்பாலானோர் படிக்காமலே ‘யெஸ்’ அழுத்திவிடுகிறோம்.

நாம் அட்மின் (நிர்வாகி) கணக்கில் நுழைந்திருந்தாலும் ஒரு புரோகிராம் சாதாரண உரிமையோடுதான் தொடங்கும். ‘யெஸ்’ சொன்ன பிறகே அதற்கு முழு அதிகாரம். திருத்தணி மலைக்கோயில் உண்டியலில் காணிக்கை போட யாரையும் கேட்க வேண்டாம். அதைத் திறப்பதென்றால் அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னால் இருக்க வேண்டும். அட்மின் அதிகாரம் பெற்ற புரோகிராம், அந்த உண்டியலை ஆள் இல்லாத நேரத்தில் தனியாகத் திறக்கத் தெரிந்த ஆளைப் போன்றது. அது தீயதாக இருந்தால் ஆன்டிவைரஸை அணைக்கும். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானே கிளம்பும்படி பதுங்கிக்கொள்ளும். அதே கம்ப்யூட்டரில் மற்றவர்கள் வைத்திருக்கும் கோப்புகளையும் திறக்கும்.

எந்தப் புரோகிராம் இந்த அதிகாரத்தோடு ஓடுகிறது என்று பார்ப்பது கடினமல்ல. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘டீடெயில்ஸ்’ பகுதிக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ பட்டியலில் ‘எலிவேட்டட்’ என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே யெஸ் அல்லது நோ வரும். விண்டோஸின் சொந்த வேலைக்காரர்கள் பலருக்கும் ‘யெஸ்’ இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கேள்வி கேட்க வேண்டியது, பெயரே கேள்விப்படாத ஒன்றுக்கு ‘யெஸ்’ இருந்தால்தான். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டவுன்லோட்ஸ், டெம்ப் போன்ற இடத்தில் உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

‘நோ’ என்று இருப்பதாலேயே ஒன்று யோக்கியமாகிவிடாது. அட்மின் அதிகாரம் இல்லாத தீநிரலும் (மால்வேர்) உங்கள் கணக்கிலுள்ள போட்டோக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்; பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் திருடும். அட்மின் அதிகாரம் கிடைத்தால் சேதம் பல மடங்காகும், துரத்துவதும் கடினம்.

2019-ல் கூடங்குளத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் எதுவும் இல்லை என்று அக்டோபர் 29 அன்று நிலையத் தரப்பு மறுத்தது. தீநிரல் இருந்தது உண்மைதான், சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது என்று மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்திருந்த வலையில், ஒரே ஒருவருடைய கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது. முக்கியமான உள்வலை தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றது கழகம்.

அந்தப் பிரிவினையை வீட்டிலும் செய்யலாம், செலவில்லை. புது கம்ப்யூட்டரில் முதலில் உருவாகும் கணக்கு அட்மின் கணக்கு. எல்லோரும் அதிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறோம். அன்றாட வேலைக்கு ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டால், வெறும் ‘யெஸ்’ போதாது, அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அந்த நொடியில் கை நிற்கும். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. கணினியோடு இந்தப் பாடத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் ஆகிற ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும். அங்கே இருப்பது ஊராருடைய தாள்கள்.

திருடர்களின் இன்னொரு வழி, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, தூரத்திலிருந்தே நம் கருவியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்வது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. செயலி நல்லதுதான், மறுமுனையில் இருப்பவன்தான் திருடன்.

பணம் போய்விட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், சாட்சியம் அழிந்துவிடும். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் பேசி, வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாத திருட்டை 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் நமக்கு இழப்பே இல்லை. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், தகவல் சொல்லும் வரை போனது நம் கணக்கு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

நாமே ‘யெஸ்’ அழுத்திவிட்டோமே என்று வெட்கப்பட்டு ஒதுங்கத் தேவையில்லை. வேறொருவர் போல நடித்துக் கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இழப்பீடு 5 கோடி ரூபாய் வரையென்றால் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடமே மனு கொடுக்கலாம். போலி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிப் பணம் இழந்த, தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டது தமிழ்நாட்டின் அந்தச் செயலர்தான். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை.

திருத்தணி எல்லையோர ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் நகரியில் உள்ள கணக்குக்குப் போயிருக்கிறது, ஆந்திராவில் போய்ப் புகார் கொடுங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் திருத்தணியிலேயே புகாரை வாங்கியாக வேண்டும்.