கெப்பின் வயிற்றுக்கு ஒரு தகடு

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு. கொத்மலையில் எங்கள் மாமாவின் பழைய கெப் வாகனம், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை ஏற்றிக்கொண்டு மேல் டிவிசனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் பின்பக்கம் டோர்ச்சைப் பிடித்தபடி இருந்தேன். ஒரு மதகின் ஓரத்தில் மழை மண்ணை அரித்து, அடியிலிருந்த கல்லை வெளியே தள்ளியிருந்தது. 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். அடுத்த வளைவில் ஒயில் லைற் சிவப்பாக எரிந்தது. மாமா உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தால், சம்ப்பின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எஞ்சின் ஒயில் முழுவதும் ரோட்டில் கிடந்தது.

மிச்சத் தூரத்தைக் கம்பளியும் இரண்டு மூங்கிலும்தான் கடக்க வைத்தன. தாயும் பிள்ளையும் நலம். மகனுக்கு இப்போது பல் முளைக்கிறது. ஆனால் மாமா அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. "தம்பி, ஆயிரம் தடவை அந்தக் கல்லு மேல போயிருக்கேன். மழைக்குப் பெறகு அது அந்தக் கல்லு இல்ல" என்றார்.

என் தாயின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு இந்த மலையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவன். வாகனத்தின் அடியில் தகடு என்றதும் எங்கள் ஆட்களுக்கு வேறு நினைவுதான் வரும். தென்னாபிரிக்காவின் பஃபலைப் பார்த்து இலங்கை இராணுவம் செய்த யுனிபஃபலின் வயிறு 'வி' வடிவில் இருக்கும். கண்ணிவெடியின் அதிர்வு இரண்டு பக்கமும் சிதறிப் போவதற்காக அந்த வடிவம். நான் இங்கே சொல்லும் தகடு அது அல்ல. இது கல், மண், மரக்குற்றி ஆகியவற்றில் மெதுவாக உரசும்போது வாகனத்தைக் காக்கும் சாதாரண வேலை செய்வது. மிதிவெடிப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தத் தகட்டை நம்பியும் இறங்கக் கூடாது.

மலையகத்தில் இது ஏன் ஆடம்பரம் இல்லை என்பதற்குத் தோட்டப் பாதைகளே விடை. ஏ5 வீதி பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. அது தார் வீதி. ஆனால் அதிலிருந்து லயன்களுக்குப் பிரியும் பாதைகள் பெரும்பாலும் கொழுந்து லொறிக்காகப் போட்டவை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. அதற்கிடையில் பாதை யாருடையது என்ற கேள்வியிலேயே வருடங்கள் போய்விட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், இருந்த பாதைகளையும் மண்சரிவால் பல இடங்களில் உடைத்துப்போட்டது. 1990 அம்பியுலன்ஸ் தார் வீதிவரை வரும். அதற்கு மேலே யாராவது ஒருவரின் கெப்தான் அம்பியுலன்ஸ். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், கையில் இருக்கும் பழையதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

வேலை தொடங்கும் முன், அடியில் எது எது ஆபத்தில் இருக்கிறது என்று படுத்துப் பார்க்க வேண்டும். முதலில் எஞ்சின் சம்ப். அது இரும்பென்றால் நெளியும். நெளிவதும் சின்ன விஷயம் இல்லை. உள்ளே ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாய் அடைபட்டால், ஒயில் நிறைய இருந்தும் எஞ்சின் வறண்டுபோகும். வார்ப்பு அலுமினியம் என்றால் நெளியாது, வெடித்துவிடும். கியர் பொக்ஸ், நாலு சில் வாகனமென்றால் டிரான்ஸ்பர் கேஸ், இவையும் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியமே. கடைசியாக டீசல் டாங்கி. பணம் குறைவென்றால் சம்ப்பில் தொடங்கிப் பின்னால் போங்கள். கம்பனி தரும் மெல்லிய பிளாஸ்ரிக் அல்லது தகரம் சேறு தெறிக்காமல் இருக்கத்தான். அதை நம்பக் கூடாது.

எந்த உலோகம் என்பதுதான் கராஜில் அதிக நேரம் பேசப்பட்டது. 80 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம் கொண்ட 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடு சுமார் 15 கிலோ. அதே அளவில் 6 மில்லிமீற்றர் அலுமினியம் 8 கிலோவுக்கும் குறைவு. பாரம் எஞ்சினுக்கும் முன் ஸ்பிரிங்குக்கும் முக்கியம் என்பதால் எனக்கு அலுமினியத்தில் ஒரு கண். பாஸ் சிரித்தார். "தம்பி, அலுமினியம் கல்லக் கடிக்கும். இரும்பு வழுக்கிட்டுப் போகும்" என்றார். அவர் சொன்னது சரி. மலைநாட்டின் அடியில் இருப்பது கடினமான பாறை. மென்மையான அலுமினியத்தில் அதன் முனை தோண்டி நிற்கும், வாகனம் அங்கேயே இறுகிக்கொள்ளும். இரும்பு நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், எந்தச் சந்தியிலும் வெல்ட் பண்ணலாம். அலுமினிய வெல்டிங்குக்குத் தனி மெசினும் தனிக் கையும் வேண்டும். ஸ்ரெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் விலையும் வேலையும் அதிகம். கொழும்பில் வார இறுதியில் மட்டும் காட்டுக்குப் போகிறவருக்கு அலுமினியம் பொருந்தலாம். வாரம் நாலு தடவை லயத்துக்கு ஏறும் வாகனத்துக்கு 4 மில்லிமீற்றர் சாதாரண இரும்பு போதும் என்று முடிவெடுத்தோம்.

பொருத்துவதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். தகட்டைச் சேஸியில்தான் பிடிக்க வேண்டும், எஞ்சினிலோ கியர் பொக்ஸிலோ அல்ல. அவை ரப்பர் மவுண்டில் ஆடுபவை. கல்லின் அடியை அவற்றுக்கே கொண்டுபோனால் தகடு போட்ட பயனில்லை. சம்ப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். தகடு நெளிந்தாலும் சம்ப்பைத் தொடக் கூடாது அல்லவா?

சேஸியில் கண்டபடி ஓட்டை துளைப்பதையும் நேரே வெல்ட் வைப்பதையும் பாஸ் மறுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். சூட்டால் அந்த இடம் பலவீனப்பட்டு, பிறகு பாரத்தில் வெடிக்கும். ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளையும், சேஸியைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்பையும் பயன்படுத்தினார். போல்ட்டின் தலையில் 8.8 என்று அடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடைப்புக்காகத் தகட்டில் எங்கோ வெல்டிங் வேண்டியிருந்தபோது, அதைக் கழற்றி வெளியே வைத்தே செய்தார். வாகனத்திலேயே செய்வதென்றால் முதலில் பற்றரி வயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒல்ரனேற்றர் போய்விடலாம்.

முன் விளிம்பை மேல்நோக்கி வளைத்திருந்தார், வள்ளத்தின் முன்பக்கம் போல. இரண்டு தகடு போடும்போது முன்தகட்டின் பின்விளிம்பு கீழேயும், பின்தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலேயும் வர வேண்டும். மாறிப் போட்டால் முன்னே போகும்போது கல் அந்த விளிம்பில் கொக்கி போல மாட்டும். கூரை ஓட்டை நினைத்துக்கொண்டால் பிழைக்காது. போல்ட் தலைகளும் வெளியே துருத்தக் கூடாது. குழிவாக உள்ளே அமர வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் தலை தேய்ந்து, கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒயில் மாற்றும் போல்ட்டுக்கு நேரே ஓர் ஓட்டை. சேறும் தண்ணீரும் வடியச் சில நீள்துளைகள். காற்றும் அவற்றால்தான் போகும். எங்கள் வாகனத்துக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் காய்ந்த புல்லும் தகட்டுக்கு மேலே சிக்கி, சைலன்சர் குழாயின் சூட்டில் தீப்பிடிக்கலாம். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை கை விட்டுத் தடவிப் பார்ப்பது மாமாவின் வேலை. மழைக் காலத்தில் அங்கே சேரும் செம்மண் கிலோக் கணக்கில் பாரமாகிவிடும், துருவும் அங்கேதான் தொடங்கும். துரு எதிர்ப்புப் பெயின்ற் இரண்டு கை பூசினோம். புது வாகனம் வைத்திருப்பவர்கள் எயார்பேக் சென்சர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டே முன்பக்கம் கை வைக்க வேண்டும்.

பொருத்திய மறுநாள் வெறும் வண்டியாக மேல் டிவிசனுக்கு ஏறி இறங்கினோம். வந்ததும் எல்லாப் போல்ட்டையும் திரும்ப இறுக்கினோம். மூன்று போல்ட் தளர்ந்திருந்தன. முதல் ஓட்டத்துக்குப் பிறகு இது எப்போதும் நடக்கும், ஆனாலும் மூன்று என்பது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

தகடு போட்டவுடன் வேகம் கூடுவது இன்னொரு வியாதி. மாமாவின் மகனுக்கு அது பிடித்தது. 15 கிலோ சேர்ந்ததால் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, தகடும் சம்ப்புக்குக் கீழே தொங்குகிறது. ஆகவே முன்பு தப்பிய கல்லில்கூட இப்போது உரசும். மெதுவாக உரசினால் ஒன்றும் ஆகாது. வேகமாக மோதினால் தகடும் மவுண்டும் சேர்ந்தே மேலே வரும்.

சென்ற மாதம் போயிருந்தபோது மாமா என்னை வண்டிக்குக் கீழே படுக்கச் சொன்னார். தகட்டின் நடுவே உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல், பெயின்ற் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதே மதகு, அதே கல்தான். அன்று பின்னால் இருந்தது காய்ச்சலோடு ஒரு கிழவி. "ஆச்சிக்குச் சத்தம்கூடக் கேக்கல" என்றார் மாமா. மதகை இன்னும் யாரும் திருத்தவில்லை. ஒரு தூரிகையும் பெயின்ற் டின்னும் எடுத்துவரச் சொன்னார்.