ஜாலி பாய் தீவில் ஒரு பகல்

மரைன் ஹில்லில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் புதிதன்று. ஆயினும் அதன் உள்ளே இருப்பதை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? இக்குறை நீங்க, சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று, பிள்ளைகளும் பெரியோருமாக 22 பேர் ஜாலி பாய் தீவுக்குச் சென்று வந்தோம்.

போர்ட் பிளேர் என நாம் அறிந்த நம் நகர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ளது வண்டூர். 1983ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அதுவே வாயில். பூங்காவின் 15 தீவுகளில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரண்டு மட்டுமே, பருவத்துக்கு ஒன்றாக, பயணிகளுக்குத் திறக்கப்படுகின்றன. படகேறுமுன் பைகளைச் சோதித்தனர். பிளாஸ்டிக் எதுவும் செல்லலாகாது. நம் தாய்மார்கள் புளியோதரையை எவர்சில்வர் தூக்கில் கொணர்ந்திருந்தமையால் எவ்வித இடரும் இல்லை.

தீவை அடைந்ததும், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை அணிந்து, மூச்சுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு நீரில் குப்புற மிதந்தோம். முதலில் உப்புநீரைக் குடித்துத் திணறினோம். அச்சத்தால் கால் ஊன்ற முயன்றபோது, "நிற்காதீர்கள்! காலுக்கடியில் உயிர் இருக்கிறது" என்று வழிகாட்டி தடுத்தார். பின்னர் மூச்சு சீராயிற்று, கண்ணும் தெளிந்தது. மான்கொம்பு போலவும் மனித மூளை போலவும் பவளங்கள் பரந்து கிடந்தன. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை செவியில் விழுந்தது.

பவளம் கல்லன்று, செடியுமன்று. நுண்ணிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, தம் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பும் மனையே அது. அவற்றின் உடலினுள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியால் உணவாக்கி ஊட்டுகின்றன. கடல்நீர் அளவுமீறி வெப்பமுற்றால் அப்பாசிகள் நீங்கிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியால் மடியும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் அந்தமான் கடலில் இவ்வாறே பெருமளவில் நிகழ்ந்தது. உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே. நாம் ஒரு கணத்தில் மிதித்து உடைப்பது பல்லாண்டு உழைப்பாகும்.

உணவுக்குப்பின், கரையில் கிடந்த வெண்பவளத் துண்டொன்றைச் சிறுமி ஒருத்தி பாவாடையில் முடிந்துகொண்டாள். எங்களுடன் வந்த இராமநாதபுரத்துப் பெரியவர் அதைக் கண்டார்.

"அதைப் போட்டுவிடு, தாயி."

"செத்ததுதானே, தாத்தா?"

"நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஊரில் வள்ளம் வள்ளமாக வெட்டி வந்து காளவாயில் சுட்டோம். நான் பிறந்த வீட்டுச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பே அதுதான்."

அவர் கூறியது தம் ஒரு வீட்டின் கதையன்று. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நெடுங்காலம் பவளம் வெட்டப்பட்டது. 1986ஆம் ஆண்டு அங்கும் தேசியப் பூங்கா அமைந்தது. எனினும் அதன் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. அலையைத் தடுக்கும் பாரை வெட்டியது அதற்கு ஒரு காரணம் என்பர் அறிஞர். மடிந்த பவளமும் வீணன்று. அதன்மேல் புதிய பவளக் குஞ்சுகள் பற்றி வளரும். அது பொடிந்து கரைக்கு மணலாகும்.

சிறுமி ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்தாள். பெரியவரோ நெடுநேரம் கடலையே நோக்கி அமர்ந்திருந்தார்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளமும் 2001 முதல் இடம்பெற்றுள்ளது; எடுத்துச் செல்வது குற்றம். ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நாம் ஒழுக வேண்டா. தாய்நாட்டுக் கரையில் இழந்ததை, வந்து வாழும் இக்கரையிலும் இழக்கலாமா?

செல்ல விழையும் அன்பர்கள் அனுமதிச்சீட்டை முன்னரே பெறுக. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், நீரினுள் காட்டுங்கள், வெறுங்கையுடன் அழைத்து வாருங்கள்.