வீட்டில் குளிர்முறைச் சவுக்காரம் செய்தல்

திண்டுக்கல் சமவெளியில் தென்னை வைத்திருக்கும் குடியானவர் பலர் தேங்காயை விற்றுவிட்டுச் சவுக்காரத்தைக் கடையில் விலைகொடுத்து வாங்குகின்றனர். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் பக்கங்களில் தென்னையும், வேடசந்தூர்ப் பக்கத்தில் நிலக்கடலையும் பயிராகின்றன. வேம்பு எங்கும் உண்டு. சவுக்காரத்திற்கு வேண்டிய எண்ணெய் வகைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க, அளவு பற்றிய அறிவு ஒன்றே குறைவாயிருக்கிறது.

இத்தொழில் நம் பக்கத்திற்கு முற்றும் புதியதன்று. 1914-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண அரசாங்கத்தார் மலையாளக் கரையில் சவுக்கார நிலையம் ஒன்றைத் தொடங்கினர். கோழிக்கோட்டில் அது கேரள சவுக்கார நிலையம் என்று பெயர் பெற்றது. சின்னாளபட்டிக்கு அருகே 1947-இல் தோன்றிய காந்திகிராமம் கிராமக் கைத்தொழில்களைப் போற்றி வளர்த்தது. 1957-இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையமும், உண்ணத்தகாத எண்ணெயையும் சவுக்காரத்தையும் கிராமத் தொழில்களில் ஒன்றாகக் கொண்டது.

குளிர்முறையின் தத்துவம்

எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் கூடிய பொருள். பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல் 1823-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசல் கலந்தால், கொழுப்பு அமிலம் சோடாவோடு சேர்ந்து சவுக்காரமாகிறது. கிளிசரின் தனியே பிரிகிறது. அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், அச்சேர்க்கையில் தானே எழும் உஷ்ணத்தைக் கொண்டு முடிப்பதே குளிர்முறை.

பெருந்தொழிற்சாலைகளில் சவுக்காரத்தைக் காய்ச்சி, உப்பு நீரால் கழுவி, கிளிசரினையும் மிகுந்த காரத்தையும் பிரித்துவிடுவர். குளிர்முறையில் எதுவும் கழுவப்படுவதில்லை. ஆதலால் தோலுக்கு இதமான கிளிசரின் உள்ளேயே தங்குகிறது. காரம் மிகுந்துவிட்டால் அதுவும் உள்ளேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். நிறுத்துச் சேர்ப்பது இங்கு இன்றியமையாததாவது இக்காரணம் பற்றியே.

அளவு

எண்ணெய்க்கு எண்ணெய் காரத்தின் தேவை வேறுபடும். 1000 கிராம் எண்ணெய்க்குச் சுமாராக வேண்டிய சுத்தமான காஸ்டிக் சோடாவாவது: தேங்காயெண்ணெய் 183 கிராம், வேப்பெண்ணெய் 139, கடலெண்ணெய் 136, ஆமணக்கெண்ணெய் 128. இத்தொகையில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தே சேர்க்கவேண்டும். அப்போது சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சி நின்று தோலைக் காக்கும்.

முதன்முறை செய்வோர்க்கு ஏற்ற கலவை: தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலெண்ணெய் 300 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 155 கிராம், நீர் 310 கிராம். தேங்காயெண்ணெய் கட்டித்தன்மையும் நுரையும் தரும். அது ஒன்றையே கொண்டால் தோல் வறளும். கடலெண்ணெய் அவ்வறட்சியைத் தணிக்கும்; ஆமணக்கு நுரையை நிலைநிறுத்தும். கடலெண்ணெயில் 100 கிராமுக்குப் பதில் வேப்பெண்ணெய் சேர்ப்பினும் காரத்தின் அளவை மாற்றவேண்டுவதில்லை.

எண்ணெயை லிட்டரால் அளத்தல் தவறு. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 1000 கிராமிற்குக் குறைவு. ஆகவே படியளவு கொண்டு செய்வோர் தாம் அறியாமலே காரத்தை மிகுத்துவிடுவர். கிராம் காட்டும் தராசு இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்காமலிருப்பதே நலம். செக்கெண்ணெயைக் கசடு தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுக. சிக்குவாடை அடித்த எண்ணெய் உதவாது. சமவெளிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து நுரையைக் கெடுக்குமாதலால், மழைநீரேனும் காய்ச்சி வடித்த நீரேனும் கொள்க.

செய்முறை

எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அலுமினியம், பித்தளை, நாகம் பூசிய வாளி ஆகியவற்றைக் காரம் அரிக்கும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்து, காற்றோட்டமான வெளியிடத்தில் நின்று, நீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டுக் கரைக்கவேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. அது கொதித்து மேலே தெறிக்கும். ஆவியை முகர்தலும் ஆகாது.

கரைசல் தெளிந்து, பாத்திரத்தின் வெளிப்புறம் கைபொறுக்கும் சூட்டிற்கு வந்தபின், அதே அளவு வெதுவெதுப்பான எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குக. கரண்டியால் எடுத்து மேலே வார்த்தால் கோடு மறையாமல் நிற்கும் கூழ்ப்பதம் வரும்வரை இடைவிடாது கலக்கவேண்டும். பின் மெழுகுத்தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிச் சாக்கால் மூடி ஒரு நாள் வைக்க. இறுகியபின் கம்பியால் அறுத்து, கட்டிகள் ஒன்றையொன்று தொடாமல், நிழலில் காற்றுப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆறவிடுக. நீர் வற்றியபின் ஏறக்குறைய 1300 கிராம், அதாவது 100 கிராம் கட்டிகள் 13 கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கட்டிகள் வியர்க்கும். தை, மாசி மாதங்களே ஏற்ற காலம்.

அறுத்த கட்டியில் வெண்படிகமோ நீர்க்கசிவோ காணப்பட்டால் குளிக்கப் பயன்படுத்தலாகாது. மஞ்சள்தூள் பட்டுச் சிவப்பதைக் கொண்டு மட்டும் குற்றம் காணவேண்டா. நல்ல சவுக்காரமும் இயல்பாகவே காரத்தன்மை உடையதாகையால் மஞ்சளைச் சிவக்கச் செய்யும்.

காவல்

காஸ்டிக் சோடா நிமிடத்தில் கண்ணைக் கெடுக்கவல்லது. பெயரெழுதிய மூடிய டப்பாவில் பூட்டி வைக்கவேண்டும். பழைய குடிநீர்ப் புட்டியில் கரைசலை வைத்தலால் குழந்தைகளின் உயிருக்கே அபாயம் உண்டாகும். மேலே பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவுக. எலுமிச்சைச் சாறு தடவலாகாது. கண்ணில் பட்டாலும் அவ்வாறே கழுவி மருத்துவமனை செல்க. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே 108 ஊர்தியை அழைக்க.

வீட்டு உபயோகத்திற்கு மேற்பட்டு, குளியல் சவுக்காரத்தை விற்பனைக்காகச் செய்வோர் அழகுசாதனப் பொருள் சட்டத்தின்படி உரிமம் பெறுதல் வேண்டும். மகளிர் குழுக்கள் இத்தொழிலில் இறங்குமுன் கிராம அதிகாரிகள் இதனை எடுத்துரைப்பது நன்று. முதலில் ஒரு கிலோ எண்ணெயில் செய்து, ஆறு வாரம் பொறுத்து, தம் இல்லத்தார் பயன்படுத்திப் பார்த்தபின்னரே அளவைப் பெருக்குக.