வளைவில் இரு சக்கரங்கள்

வளைவில் திரும்பும் வண்டியின் இரு சக்கரங்களும் ஒரே தொலைவு ஓடுவதில்லை. வெளிப்பக்கத்துச் சக்கரம் மிகுதியாகவும், உட்பக்கத்துச் சக்கரம் குறைவாகவும் ஓடியாக வேண்டும். பந்தயத்தில் ஓடும் சிறுவண்டியொன்று திருப்பத்தில் ஏன் சறுக்குகிறது, அதை எவ்வாறு திருத்தலாம் என்று ஆராயப் புகுவோர் இந்த எளிய உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

நான் கூறும் சிறுவண்டி, வானொலி அலையால் இயக்கப்படும் 'பக்கி' என்பது. இப்பேச்சைச் சுமந்துவரும் அலைகளின் இனத்தைச் சேர்ந்த அலையே அதற்கும் ஆணை கொண்டு செல்கிறது. பெரிய வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. மேடும் பள்ளமுமான மண்தரையே அதன் களம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1980-களில் இவ்விளையாட்டு பெரிதும் வளர்ந்தது. 1985-ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளின் முதல் உலகப் போட்டி கலிபோர்னியாவில் நடைபெற்றது.

இனி ஒரு கணக்குப் போடுவோம். பின்சக்கரங்களுக்கிடையே 20 சென்டிமீட்டர் இடைவெளி. வண்டியின் நடுப்பகுதி 1 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தில் திரும்புகிறது. அப்போது வெளிச்சக்கரம் 3.46 மீட்டரும், உட்சக்கரம் 2.83 மீட்டரும் ஓடும். வேறுபாடு 63 சென்டிமீட்டர். இவ்வேறுபாட்டை ஏதேனும் ஒரு வழியில் தீர்த்தாக வேண்டும். இல்லையேல் ஏதாவதொரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும்.

இதைத் தீர்க்கும் வழிகளை எங்கள் இரணியல் வட்டாரத்திலேயே காணலாம். முன்னாளில் இங்குச் சந்தைக்குச் சென்ற மாட்டுவண்டியில் அச்சு சுழலாது; கடையாணிக்குள் ஒவ்வொரு சக்கரமும் தன்போக்கில் சுழலும். வண்டியை இழுப்பவை மாடுகளாதலால் அவ்வுரிமையைச் சக்கரங்களுக்கு அளிக்க முடிந்தது. புகைவண்டியின் கதை வேறு. 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதையில் இரணியலும் ஒரு நிலையம். அங்கே செல்லும் வண்டிகளில் இரு சக்கரங்களும் ஓர் அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஆயினும் சக்கரத்தின் விளிம்பு சற்றே கூம்பு வடிவானது. வளைவில் வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும், உட்சக்கரம் சிறிய சுற்றளவிலும் தண்டவாளத்தைத் தொடுவதால் வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

எந்திரமே சக்கரத்தைச் சுழற்றும் சாலை வண்டிக்கு இவ்விரு வழிகளும் பொருந்தா. அதற்கு 1827-ஆம் ஆண்டில் வழிகண்டவர் பெக்கர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர். அவருடைய பற்சக்கரத் தொகுதியையே பட்டறைகளில் 'டிபரன்ஷியல்' என்கிறோம். ஒரு கூட்டுக்குள் இரு பக்கப் பற்சக்கரங்கள், இடையே சில சிறு பற்சக்கரங்கள். நேர்வழியில் எல்லாம் ஒன்றாகச் சுழலும். வளைவிலோ சிறு பற்சக்கரங்கள் தம்மைத்தாமே சுற்றிக்கொண்டு, ஒரு பக்கம் இழந்த சுழற்சியை மறுபக்கத்துக்கு ஈடு செய்யும். நம் கணக்கில், கூடு 100 முறை சுற்றினால் உட்சக்கரம் 90 முறையும், வெளிச்சக்கரம் 110 முறையும் சுற்றும்.

இந்நன்மையோடு ஒரு குறையும் உண்டு. டிபரன்ஷியல் இரு பக்கமும் ஏறத்தாழச் சமவிசையே அளிக்கும். ஆகவே பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு ஏற்குமோ, அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கும். நாஞ்சில் நாட்டு வயற்சேற்றில் டிராக்டரின் ஒரு சக்கரம் வீணே சுழல, மற்றது அசையாது நிற்பது இதனால்தான். ஓட்டுநர் அப்போது டிபரன்ஷியலைப் பூட்டுகிறார். இரு சக்கரங்களும் ஒன்றாகிச் சேற்றைக் கடக்கின்றன. கரையேறியதும் அப்பூட்டை விடுவிக்க வேண்டும். விடுவிக்காது திருப்பினால் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்ல முற்படும். வரப்போரத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

முழு உரிமையும் தீங்கு, முழுப் பூட்டும் தீங்கு எனில், இடைவழி யாது? பந்தயப் பக்கியில் அவ்விடைவழி எண்ணெயே. டிபரன்ஷியல் கூட்டினுள் சிலிக்கோன் எண்ணெயை நிரப்புகின்றனர். தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 1 அலகு என்றால், இவ்வெண்ணெய்க்குச் சில ஆயிரம் அலகுகள். எண்ணெய் தடிக்கத் தடிக்கச் சிறு பற்சக்கரங்கள் சுழல்வது கடினமாகும். தொகுதி பூட்டிய நிலையை நெருங்கும். மெலிந்த எண்ணெயிட்டால் வண்டி எளிதில் வளையும். ஆனால் எடை குறைந்த உட்சக்கரம் வீணே சுழன்று வேகம் வற்றும். தடித்த எண்ணெயிட்டால் உந்துதல் இருபுறமும் சேரும். ஆனால் வளைவில் நுழையும்போது வண்டி நேரே ஓட விழையும். வழுக்குத் தரையில் விசை கூட்டினாலோ இரு பின்சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பிழந்து வால் வீசும்.

ஆதலின் 'எந்த எண்ணெய் சிறந்தது?' என்னும் கேள்விக்கு விடையில்லை. 'எந்தத் தரைக்கு, வளைவின் எந்த இடத்துக்கு?' என்று கேட்டால் விடையுண்டு. மாணவர்கள் ஒரு வழியைப் பின்பற்றலாம். எண்ணெயை மட்டும் மாற்றுக. டயரையோ ஸ்பிரிங்கையோ அன்றைக்குத் தொடாதீர். ஒரே தடத்தில், நிறைந்த மின்கலத்துடன், பத்துச் சுற்று ஓட்டி ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொள்க. பின்னர் வேறு எண்ணெயிட்டு அவ்வாறே செய்க. விரைவான ஒரு சுற்றைக் கண்டு மகிழாமல், பத்தின் சராசரியை ஒப்பிடுக. இரண்டை ஒருசேர மாற்றியவன் வென்றாலும், எதனால் வென்றான் என்பதை அறியான்.

பொம்மை வண்டிதானே என்று இதனை எள்ளுதல் வேண்டா. எண்ணெய்ப் புட்டியில் கற்ற இப்பாடமே டிராக்டரிலும் பேருந்திலும் நின்று பயன்படும். விலையுயர்ந்த உறுப்பை வாங்குவது எளிது. இருக்கும் உறுப்பு என்ன செய்கிறது என்று அறிவதே பொறியியலின் முதற்படி.