விரல் வைத்த இடம் நகரக் கூடாது

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்கு இப்போது பாதிப் பத்திரங்கள் வாட்ஸப்பிலேயே வந்துவிடுகின்றன. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திர நகல், புலப்படம் என்று எல்லாம் பிடிஎஃப் கோப்புகள். கைப்பேசித் திரையில் இரண்டு விரல்களை விரித்துப் புல எண்ணைத் தேடி, உட்பிரிவைக் கண்டுபிடித்து, எல்லைக்கோட்டின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் அளவைப் படிக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, பக்கத்தில் ஓடும் கோடு வரப்பா வாய்க்காலா என்று உற்றுப் பார்ப்பதன் அவசியத்தைச் சொல்லத் தேவையில்லை.

அப்படிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். புலப்படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நிற்கும். பத்திர நகலோ கொஞ்சம் பெரிதாக்கியதுமே மங்கிப்போகும். தமிழ்நாட்டின் புலப்படங்கள் தேசிய தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் வழியாகக் கணினிக்கு ஏறியவை. அதில் எல்லைக்கோடு, ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு’ என்ற கட்டளையாகப் பதிவாகியிருக்கிறது. நாம் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தக் கோட்டைப் புதிதாக வரைகிறது. பத்திர நகல் ஸ்கேன் செய்த படம். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 1654க்கு 2339, அதாவது ஏறத்தாழ 39 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். அதற்கு மேல் அந்தக் கோப்பில் பார்க்க எதுவுமில்லை.

புதிதாக வரைவதென்றால் எவ்வளவு வரைவது? கணினித் திரையில் ஏ4 பக்கத்தை நூறு சதவீதத்தில் காட்ட சுமார் 9 லட்சம் புள்ளிகள் வேண்டும். புள்ளிக்கு நான்கு பைட் என்றால் மூன்றரை எம்பி நினைவகம். நானூறு சதவீதத்தில் நீளமும் அகலமும் நான்கு மடங்காவதால் தேவை 16 மடங்கு கூடி 57 எம்பி ஆகும். அடோபி ரீடர் அனுமதிக்கும் உச்சமான 6400 சதவீதத்தில் முழுப் பக்கத்தையும் வரைந்து வைக்க 14 ஜிபிக்கு மேல் தேவைப்படும். அதனால் நல்ல மென்பொருள்கள் பக்கத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, திரையில் தெரியும் சதுரங்களையும் அக்கம்பக்கத்தில் சிலவற்றையும் மட்டும் வரைகின்றன. மொசில்லா 2011இல் வெளியிட்ட பிடிஎஃப்.ஜேஎஸ், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குள் இருந்து வேலை செய்வது. அது வெகுகாலம் ஒரு பக்கத்துக்கு 1 கோடியே 67 லட்சம் புள்ளிகள் என்ற வரம்பை வைத்திருந்தது. அதைத் தாண்டினால் புதிதாக வரையாது, வரைந்ததையே இழுத்துக் காட்டும். கோடுகளாலான வரைபடம்கூட அப்போது மங்கித் தெரியும். ஒரு மென்பொருளில் படம் மங்கினால் இன்னொன்றில் திறந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

நேரமும் ஒரு கட்டுப்பாடு. திரை விநாடிக்கு 60 முறையாவது புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்கு 17 மில்லிவிநாடிகூட இல்லை. அதற்குள் முழுப் பக்கத்தையும் திரும்ப வரைய முடியாது என்பதால், விரல்கள் விரியும்போது பழைய படம் இழுபடுகிறது. விரலை எடுத்த பிறகுதான் கூர்மையான படம் வந்து உட்காருகிறது. வேகமாக உருட்டினால் வெள்ளைப் பக்கங்கள் ஓடுவதும் வரையும் வேலை விரலை எட்டிப் பிடிக்க முடியாததால்தான். இந்தத் தாமதங்களை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

மன்னிக்க முடியாதது வேறு. பெரிதாக்கியதும் நாம் பார்த்துக்கொண்டிருந்த இடம் காணாமல் போய்விடுகிறதே, அது. விரலுக்கு அடியில் இருந்த உட்பிரிவு விரலுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். அதற்கான கணக்கு எளியது. பக்கம் ஏற்கெனவே 600 புள்ளி மேலே நகர்ந்திருக்கிறது, விரல் திரையின் உச்சியிலிருந்து 300 புள்ளி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் 900. இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 1800. அதில் விரலின் 300ஐக் கழித்தால் 1500. பக்கத்தை அவ்வளவு நகர்த்தினால் விரல் வைத்த எழுத்து அசையாது.

நீண்ட ஆவணத்தில் இந்தக் கணக்கும் சறுக்கும். பக்கங்களுக்கு நடுவே பத்துப் புள்ளி இடைவெளி விடும் மென்பொருளில், எழுத்து பெரிதானாலும் இடைவெளி பத்தாகவே இருக்கும். மொத்த நீளத்தையும் இரண்டால் பெருக்கிவிட்டால், ஐம்பதாவது பக்கத்தில் இருப்பவர் 49 இடைவெளிகளைத் தாண்டியவர், 490 புள்ளி தள்ளிப் போய் விழுவார். எத்தனையாவது பக்கம், அந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று குறித்து வைத்துக்கொள்ளும் மென்பொருளில் இந்தப் பிழை வராது. நம் ஜிஎஸ்டி சாலையிலேயே, கூடுவாஞ்சேரி அருகே வளாகம் வைத்திருக்கும் ஸோஹோ 2005இலிருந்து ஆவண மென்பொருள் தருகிறது. இந்த வட்டாரத்திலிருந்து அத்தகைய வேலைக்குப் போகும் இளைஞர்கள் இப்படிப்பட்ட கணக்குகளைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கண் மங்கிய ஒரு பெரியவர் வில்லங்கச் சான்றைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. வலப்பக்கம் தள்ளி வரியின் மீதியைப் படித்து, இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியைத் தேட வேண்டும். மேலும் கீழும் உருட்டுவது கண்ணுக்குப் பழகிய வேலை. ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் போய் வருவது தண்டனை. இதைத் தவிர்க்கவே, இணையப் பக்கத்தை 400 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் இரு திசைகளிலும் உருட்ட வேண்டிய நிலை வரக் கூடாது என்று 2018இல் வெளியான உலகளாவிய அணுகல் நெறி சொல்கிறது. வரைபடங்கள், அட்டவணைகள் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு.

பிடிஎஃப்பில் இதைச் செய்ய வரிகளை மடித்து அடுக்க வேண்டும். தமிழ் அதில் சிக்குகிறது. ‘கொ’ என்ற எழுத்தைக் கோப்பு மூன்று உருவங்களாக, ஒற்றைக் கொம்பு, க, கால் என்ற வரிசையில், பக்கத்தில் எங்கே வைப்பது என்ற குறிப்போடு சேமிக்கிறது. யூனிகோடில் க முதலில் வரும். இரண்டையும் இணைக்கும் அட்டவணை கோப்பில் இல்லாவிட்டால் மென்பொருளுக்கு அது எழுத்தென்றே தெரியாது. பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட கோப்புகளில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் அலுவலகங்களிலிருந்து வெறும் படமாக வரும் தமிழ்க் கோப்புகளைப் பார்க்கையில் எனக்குக் கோபம் வருகிறது.

அது மாறும் வரை, பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கேட்டு வாங்குங்கள். 200ஐவிட 300இல் கிடைக்கும் விவரம் இரண்டேகால் மடங்கு. வாட்ஸப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் வழியிலேயே சுருக்கப்பட்டு, புல எண்ணின் 3 எது, 8 எது என்று தெரியாமல் போய்விடும்.